மருந்து என்றொரு சொல்

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும் அங்கிருந்து வெம்பக்கோட்டைக்கும் செல்லும் பேருந்தில், ஒரு காலை நேரத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு பயணம் செய்தால், 'மருந்து' என்ற சொல்லை மூன்று பொருளில் கேட்டுவிடலாம். கையில் சீட்டுடன் மருத்துவமனைக்குப் போகும் மூதாட்டி, சர்க்கரைக்கான மருந்து தீர்ந்துவிட்டது என்கிறார். கரிசல் காட்டில் பருத்தி போட்டவர், இரண்டு முறை மருந்தடித்தும் புழு போகவில்லை என்கிறார். தூக்குச்சட்டியில் சோற்றுடன் பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள், இன்று எந்த அறையில் மருந்து செலுத்தும் வேலை என்று பேசிக்கொள்கிறார்கள். முதலாவது உயிரைக் காப்பது. இரண்டாவது பூச்சியைக் கொல்வது. மனம் உடைந்த உழவர் அதையே குடித்தார் என்ற செய்தியும் நம் ஊர்களுக்குப் புதிதன்று. மூன்றாவது, கல்லையும் கூரையையும் சேர்த்து எறியும் ஆற்றல் உடையது. மூன்றுக்கும் ஒரே சொல். பேசுகிற எவருக்கும் அதில் குழப்பம் ஏற்படுவதில்லை.

இப்படி ஒரு கொடிய பொருளுக்கு இவ்வளவு மென்மையான பெயர் எப்படி வந்தது? தொழிலாளரின் அச்சத்தைப் போக்குவதற்காக முதலாளிகள் வைத்த பெயர் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். கோபத்தில் பிறந்த விளக்கம் அது. கோபத்துக்குக் காரணமும் உண்டு. ஆயினும் அது உண்மையன்று. சிவகாசியில் முதல் ஆலை எழுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பொருளுக்கு இந்தப் பெயர் வழங்கிவந்தது. தமிழில் மட்டுமன்று, பாதி உலகத்தில்.

முதலில் நம் அண்டை வீடுகளைப் பார்ப்போம். மலையாளிகள் திருவிழா வாணவேடிக்கையைக் 'கரிமருந்து' என்ற சொல்லை இட்டே குறிக்கிறார்கள். தெலுங்கில் 'மந்து' என்பது மருந்து, வெடிமருந்து, மது ஆகிய மூன்றும் ஆகும். கன்னடத்தின் 'மத்து' அதே வேர். சித்திரதுர்க்கக் கோட்டைக்குச் சென்றவர்கள் அங்கே வெடிமருந்து அரைத்த பெரிய கல் உருளைகளைக் கண்டிருப்பார்கள். அவற்றுக்கு மத்து அரைக்கும் கல் என்றே பெயர். இலங்கையில் சிங்கள மக்கள் 'வெடி பெஹெத்' என்கிறார்கள். பெஹெத் என்றால் மருந்து, வெடி நம்முடைய சொல். மலாய் மொழியில் வெடிமருந்துக்கு 'உபாத் பெடில்' என்று பெயர். உபாத் என்பது மருந்து; துப்பாக்கியைக் குறிக்கும் பெடில் என்ற சொல் தமிழின் வெடியிலிருந்து சென்றது என்பர். வியட்நாமியர் சொல்வது 'துப்பாக்கியின் மருந்து'. சீனர் சொல்வது 'நெருப்பு மருந்து'; ஜப்பானியரும் கொரியரும் அதையே தம் ஒலிப்பில் சொல்கிறார்கள்.

வடக்கே சென்றால் பாரசீகத்தின் 'தாரூ' நம்மை வரவேற்கிறது. பாரசீகத்தில் அது மருந்து. இந்தியில் அது சாராயமாகிவிட்டது. மராத்தியில் சாராயமும் அதுவே, வெடிமருந்தும் அதுவே; படைக்கலங்களைத் 'தாரூகோளா', அதாவது மருந்தும் குண்டும், என்பார்கள். அதே சொல் பாரசீகத்திலிருந்து மத்திய ஆசியாவின் துருக்கிய மொழிகளுக்குள் புகுந்தது. கசாக் மொழியில் 'தாரி' என்றால் நோய்க்கு உண்ணும் மருந்து. மருந்துக்கடைக்குத் 'தாரிகானா' என்று பெயர். ஆனால் குண்டைக் குறிக்கும் 'ஓக்' என்னும் சொல்லை முன்னே சேர்த்து 'ஓக்-தாரி' என்றால் போர்க்களத்துக்கு வேண்டிய குண்டும் வெடிமருந்தும் ஆகிவிடும். உஸ்பெக் மொழியிலும் அவ்வாறே. வோல்கா ஆற்றங்கரையில் வாழும் தாத்தார் மக்கள் மட்டும் ஒரு முன்னேற்பாடு செய்துகொண்டார்கள் போலும். அவர்களுக்கு நோய் தீர்ப்பது 'தரு', வெடிப்பது 'தரி'. கடைசி உயிரெழுத்து ஒன்றே உயிருக்கும் சாவுக்கும் இடையில் வேலி.

தாத்தாரின் அண்டை வீட்டார் ருசியர். அவர்கள் பேசும் ஸ்லாவிய மொழிக்கும் நம் மொழிக்கும் உறவு ஏதுமில்லை. எனினும் பழைய மாஸ்கோ அரசில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், வெடிமருந்துக்கு வழங்கிய சொற்களில் ஒன்று 'செலியே'. பச்சிலை, பச்சிலைச் சாறு, மந்திரித்த மருந்து என்பன அதன் மூலப் பொருள். இன்றைய ருசிய மொழியில் அது சூனியக்காரியின் கஷாயத்துக்கு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. டச்சு மொழியில் வெடிமருந்தைக் குறிக்கும் 'க்ரௌட்' என்ற சொல்லும், சுவீடன் நாட்டாரின் 'க்ரூட்' என்பதும் மூலிகையைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தவையே.

ருசியர் பின்னர் வேறொரு சொல்லுக்கு மாறினார்கள்: 'போரக்'. போலந்து மக்கள் சொல்வது 'புரோக்'. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தூசி, பொடி என்று பொருள். போலந்து மொழியில் அச்சொல் இன்றும் இரண்டு வேலை செய்கிறது. திருநீற்றுப் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பல் பூசி, நாம் எதிலிருந்து வந்தோம், எதற்குத் திரும்புவோம் என்று நினைவூட்டுகிறார் அல்லவா? போலந்துக் கோவில்களில் அந்த வாக்கியத்தில் வரும் 'புரோக்', பீரங்கியில் திணிக்கும் 'புரோக்' தான். ஒருவர் மருந்து என்றார், ஒருவர் மண் என்றார். இரண்டு பெயரும் பொருந்துகின்றன.

பால்கன் நாட்டு ஸ்லாவியர் மூன்றாவது ஒரு வழியில் சென்றார்கள். துருக்கியப் பேரரசின் கீழ் வாழ்ந்த பல்கேரியரும் செர்பியரும் ஆண்டவர்களின் சொல்லையே கடன் வாங்கி 'பருத்' என்றார்கள். துருக்கியரோ அதை அரபு மொழியின் 'பாரூத்' என்பதிலிருந்து பெற்றவர்கள். அதே சொல் பாரசீகத்தின் வழியாக இந்துஸ்தானிக்கு வந்து, இன்றும் இந்திப் படங்களில் 'பாரூத்' என்று முழங்குகிறது. தமிழ்ப் பேச்சில் அது நிலைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்துக்குச் சொந்தச் சொல்லை வைத்துக்கொண்ட நாம், அதைச் சுடும் கருவிக்குத் துருக்கியரிடமே சென்றோம். நம்முடைய 'துப்பாக்கி', துருக்கியரின் 'துஃபெக்' என்பதன் உறவு. அந்தச் சொல் மேற்கே பல்கேரியாவுக்கும் போனது, தெற்கே நம்மிடமும் வந்தது. 'பீரங்கி'யோ ஐரோப்பியரைக் குறித்த 'பரங்கி'யின் இன்னொரு வடிவம். ஆக, இரும்பு வெளியிலிருந்து வந்தது. உள்ளே இடும் பொடி நம் வாயில் நம் சொல்லாகவே நின்றது.

இத்தனை மொழிகள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவை அல்ல. சில கடன் பெற்றன, சில தாமாகவே அதே எண்ணத்தை அடைந்தன. காரணம் எளியது. இதை முதலில் கலக்கியவர்கள் போர்வீரர்கள் அல்லர், மருத்துவர்கள்.

சீனத்தில் வெடியுப்பும் கந்தகமும் பழங்காலத்திலிருந்தே மருந்துப் பட்டியலில் இருந்தவை. சாகாமை தரும் மருந்தைத் தேடிய தாவோ மதத்தினர் அவற்றைச் சூடாக்கியும் சேர்த்தும் பார்த்தார்கள். ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அவர்களது நூல் ஒன்று, கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனுடன் சேர்த்துக் காய்ச்சிய சிலர் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதைச் சொல்லி எச்சரிக்கிறது. வெடிமருந்து பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்திகளில் ஒன்று, ஆகவே, ஒரு விபத்துச் செய்தி. 1044ஆம் ஆண்டளவில் எழுந்த சீனப் படை நூல் இக்கலவையின் செய்முறையை அளவுகளுடன் தருகிறது. அதன் பிறகும் அது மருத்துவரின் அலமாரியை விட்டுப் போய்விடவில்லை. 1596இல் வெளிவந்த லி ஷிசென்னின் பெரிய மருந்து நூல், சொறி சிரங்குக்கும் புழுக்களைக் கொல்வதற்கும் வெடிமருந்தைச் சொல்கிறது.

அரபு உலகிலும் இதே கதை. ஸ்பெயின் நாட்டு மலகாவில் பிறந்து 1248இல் தமஸ்கு நகரில் இறந்த இப்னு அல்-பைத்தார் ஒரு மூலிகை மருத்துவர். 'சீனத்துப் பனி' என்று அழைக்கப்படும் வெடியுப்பை மேற்கு அரபு நாட்டார் 'பாரூத்' என்பதாக அவர் எழுதுகிறார். பின்னர் பல்கேரியா வரை நடந்த அச்சொல் வெடிப்பதையே குறிக்கவில்லை. ஒரு மருந்துச் சரக்கைக் குறித்தது.

நம் சித்த மருத்துவத்தைச் சொல்லவே வேண்டாம். வெடியுப்புக்குப் பொட்டிலுப்பு என்றும் பெயர், நீரடைப்புக்குத் தருவார்கள். கந்தகத்தைச் சுத்தி செய்து தோல் நோய்க்குத் தருவார்கள். கரியும் நாட்டு மருந்துக்கடைக்கு அந்நியமன்று. கருப்பு வெடிமருந்தின் மூன்று சரக்குகளும் வைத்தியரின் பெட்டியில் பக்கத்துப் பக்கத்துப் பொட்டலங்களாக இருந்தவை. அவற்றை நிறுத்து, அரைத்து, சலித்து, கலந்து செய்யும் வேலையும் வைத்தியரின் வேலையே. அப்படிப் பிறந்த பொருளை மருந்து என்னாமல் வேறு என்ன சொல்வார்கள்? திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்பதே பெயர். வேறோர் இடத்தில் அமுதத்தையும் வள்ளுவர் இச்சொல்லாலேயே குறிக்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியார் நற்கருணையைச் சாகாமைக்குரிய மருந்து என்று எழுதியபோது அவர் எடுத்த கிரேக்கச் சொல் 'பார்மக்கோன்'. கிரேக்கருக்கு அது மருந்தும் ஆகும், நஞ்சும் ஆகும். அளவே அதைத் தீர்மானிக்கும் என்பதை மொழிகள் அறிந்தே வைத்திருந்தன.

இதுவரை பழைய மருந்தின் கதை. சிவகாசிக்கு வந்த மருந்து வேறு.

ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் கல்கத்தா சென்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கிய வரலாறு இப்பகுதியில் எல்லாரும் அறிந்தது. தீக்குச்சியின் தலையில் இருப்பது வெடியுப்பு அன்று, பொட்டாசியம் குளோரேட்டு. பார்வைக்கு இதுவும் வெள்ளை உப்புத்தான். ஆனால் சித்தருக்கும் சீனருக்கும் தெரியாத உப்பு. பிரெஞ்சு வேதியியலார் பெர்தொல்லே 1780களில் கண்டறிந்தது. வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் இன்னும் வலிய வெடிமருந்து கிடைக்கும் என்று கருதி, 1788 அக்டோபரில் பாரிசுக்கு அருகே எஸ்ஸோன் ஆலையில் சோதித்தார்கள். பெர்தொல்லேயும், பேரறிஞர் லவாய்சியரும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சற்று அப்பால் சென்ற நேரத்தில் கலவை வெடித்தது. இருவர் இறந்தனர். குளோரேட்டு கந்தகத்தோடு சேர்ந்தால் சிறு உராய்வையும் பொறுக்காது என்ற பாடத்தை உலகம் இவ்வாறு உயிர் கொடுத்துக் கற்கத் தொடங்கியது.

இந்த உப்புக்கு ருசியர் வைத்த பெயர் 'பெர்தொலேயின் உப்பு'. உக்ரைனியர், பல்கேரியர் ஆகியோரும் அப்படியே சொல்கிறார்கள். ருசியரிடமிருந்து கசாக்கியரும் உஸ்பெக்கியரும் அப்பெயரைப் பெற்று, மனிதரின் பெயரை அப்படியே விட்டுவிட்டு உப்பை மட்டும் தம் மொழியில் 'துஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள்: 'பெர்தொல்லே துசு'. அறிவியல் சொல் ஒன்று இரண்டு பெரும் மொழிக் குடும்பங்களைக் கடந்த பயணம் இது. நான் இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்த மக்கள் கடன் வாங்கினார்கள். ஆனால் வாங்கியதற்கு ஒரு முகம் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் 'பெர்தொலேயின் உப்பு' என்பதை வேறோர் உப்பு என்று நினைக்க முடியாது. நமக்குக் கிடைத்தவை 'குளோரேட்டு', 'நைட்ரேட்டு' என்ற இரண்டு ஒலிகள். முடிவில் ஒன்றுபோல் ஒலிப்பவை. பார்வைக்கும் ஒன்றுபோல் வெள்ளை. ஆங்கிலமும் வேதியியலும் கற்றவருக்கு அவை இரண்டு பொருள்கள். கல்லாதவருக்கு அவை மூட்டையின் மேல் எழுதிய எழுத்துகள்.

தீப்பெட்டிக்கு வேண்டிய உப்பும் பட்டாசுக்கு வேண்டிய உப்பும் ஒரே ஊரில், சில வேளை ஒரே தெருவில், விற்பனைக்கு இருக்கும் இடம் இது. பட்டாசில் குளோரேட்டைக் கந்தகத்தோடு சேர்ப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் மட்டும் விலக்கு. சட்டம் உப்பின் பெயரைச் சொல்லித் தடுக்கிறது. அறைக்குள் வேலை செய்பவரிடம் வந்து சேரும்போது எல்லாம் கலந்து முடிந்து, பாத்திரத்தில் ஒரே பொடியாக இருக்கிறது. அதற்கு அப்போது ஒரே பெயர்தான்: மருந்து. அதில் எது சேர்ந்தது, எது சேரக்கூடாது என்பது கலந்தவருக்குத் தெரியும், போர்மேனுக்குத் தெரியும். குழாயில் மருந்து செலுத்தும் பெண்ணுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இங்கேதான் அந்தப் பழைய சொல் நம்மைக் கைவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது பொய் சொல்லவில்லை. வேறுபாட்டை மறைக்கிறது. வைத்தியரின் மருந்தை வாங்குகிறவரும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை; நம்பி வாயில் போட்டுக்கொள்கிறார். அதே நம்பிக்கையை அச்சொல் ஆலைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது.

மக்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பேரியம் நைட்ரேட்டு எரியும்போது பச்சை ஒளி தருவதைக் கண்டு சிவகாசியில் அதற்குப் 'பச்சை உப்பு' என்று பெயர் வைத்தார்கள். உப்பு வெள்ளை, பெயர் பச்சை. அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயர். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது, எது தடைபட்டது என்று இப்பகுதியில் எவருக்கும் அகராதி தேவைப்படவில்லை. மணி மருந்து, கருந்திரி, சரவெடி என்று கைக்கும் கண்ணுக்கும் தெரியும் பொருளுக்கெல்லாம் நல்ல தமிழ் இருக்கிறது. உராய்ந்தால் கொல்லும் உப்புக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் மக்கள் வாயில் நிலைக்கவில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். விபத்துச் செய்திகளில் 'மருந்து நீர்த்துப்போனது' என்று படிக்கிறோம். வீட்டு அலமாரியில் இருக்கும் மருந்து நீர்த்துப்போனால் அது வீரியம் இழந்தது என்று பொருள், தூக்கி எறிவோம். பட்டாசு ஆலையில் அதற்கு நேர்மாறு. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளே மெல்ல மெல்லச் சூடேறும். மாலையில் மீந்ததை அப்படியே வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலை அறையைத் திறக்கிறவருக்கு அது காத்துக்கொண்டிருக்கும். மீந்த மருந்தை வைக்கக் கூடாது என்பது விதி. ஆனால் மீந்ததை அழித்தால் நட்டம், துண்டுக்கணக்கில் கூலி, மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டிய தீபாவளிச் சரக்கு, உள்குத்தகைக்கு எடுத்தவரின் அவசரம் எல்லாம் சேர்ந்து விதியைவிட வலிமை பெற்றுவிடுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மாண்டவர்கள் 20 பேருக்கு மேல். சிறு விபத்துகள் ஓரிரு பெயர்களோடு நாளிதழின் உள்பக்கத்தில் நின்றுவிடுகின்றன.

நம் திருச்சபையில் வெடிமருந்தோடு வேலை செய்வோருக்குப் பாதுகாவலியாகக் கருதப்படுபவர் புனித பார்பரா. அவரைக் கொன்ற தந்தையை இடி விழுந்து எரித்தது என்ற மரபுக் கதையே காரணம். ஐரோப்பாவில் சுரங்கத் தொழிலாளரும் பீரங்கிப் படையினரும் டிசம்பர் 4ஆம் நாள் அவர் விழாவைக் கொண்டாடிவந்தார்கள். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் கப்பலின் மருந்து அறைக்கே 'சாந்தா பார்பரா' என்று பெயர் வந்துவிட்டது. வரலாற்றுச் சான்று போதாமையால் 1969இல் பொது நாள்காட்டியிலிருந்து அவர் விழா நீக்கப்பட்டது, பக்தி நீங்கவில்லை. மருந்து இருக்கும் அறைக்குள் நுழையும் மாலுமி ஒவ்வொரு முறையும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்லியே நுழைந்தான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே பெயரே ஓர் எச்சரிக்கை.

சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கே கட்டுகளுடன் படுத்திருக்கும் ஒருவரிடம் எப்படி நேர்ந்தது என்று கேட்டால், "மருந்து உரசிருச்சு" என்பார். சற்று நேரத்தில் செவிலியர் தட்டுடன் வருவார். "மருந்து போடணும், கையை மெதுவா நீட்டுங்கம்மா" என்பார். அவரும் நீட்டுவார்.